எச்.எம். மாறிப் போன பிறகும் நடக்க வேண்டிய வேலை

ஆசிரியர்களின் பணியிட மாறுதல் கலந்தாய்வு நெருங்கும் நாட்களில், நான் போய் வரும் வடசென்னைத் தொடக்கப் பள்ளிகளில் தலைமை ஆசிரியரைப் பற்றித்தான் ஒரே பேச்சு: "நம்ம எச்.எம். போயிடுவாங்களா?" ஆசிரியர் பயிற்றுநராக எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறு கேள்வி. அவர் போனால் எதெல்லாம் அவரோடு போய்விடும்?

காசிமேட்டுப் பக்கம் ஒரு பள்ளி. அங்கிருந்த எச்.எம். அசாத்திய உழைப்பாளி. காலையில் சீக்கிரமே வந்து, எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைகளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்க வைப்பார். தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுப் புத்தகங்கள் சேர்த்தார். பிள்ளைகள் சரளமாகப் படித்ததை நானே கேட்டிருக்கிறேன். மாறுதல் வந்தது, போனார். சில மாதங்களில் புத்தக அலமாரிக்குப் பூட்டு விழுந்தது. புதிதாக வந்தவரைக் குறை சொல்ல முடியாது. எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம், யார் எதுவரை வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பழையவர் மனதில் மட்டும்தான் இருந்தது. மற்ற ஆசிரியர்களுக்கோ அது எச்.எம். பார்த்துக்கொள்ளும் வேலை.

வியாசர்பாடியில் வேறொரு பள்ளி. அங்கே எச்.எம். அம்மா வாசிப்பு நேரத்தைத் தானே நடத்தியதே இல்லை. இரண்டு டீச்சர்களிடம் ஒப்படைத்தார். அந்த நேரத்தில் எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, சுற்றறிக்கைக்குப் பதில் என்று யாரும் அவர்களைக் கூப்பிடாமல் காவல் காத்தார். வெள்ளிக்கிழமைதோறும் மூன்று பேரும் உட்கார்ந்து, எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினார்கள். வடகிழக்குப் பருவமழையில் அந்தப் பக்கத் தெருக்களில் தண்ணீர் நிற்கும், பள்ளிக்கு நாள்கணக்கில் விடுமுறை விழும். அதனால் மழைக்கு முன்பே பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு சின்னப் புத்தகம் கொடுத்துவிடுவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பள்ளி திறந்தபோது, எங்கே விட்டோம் என்று யாரும் யோசிக்கவில்லை. நோட்டைத் திறந்தார்கள், தொடர்ந்தார்கள். கிளம்புவதற்கு முன் அந்த எச்.எம். அம்மா, புதியவரை ஒரு வாசிப்பு நேரம் முழுக்கப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டிவிட்டுத்தான் போனார். இன்றும் அது நடக்கிறது.

பாராட்டு விழாக்களில் நாம் மேடையேற்றுவது பெரும்பாலும் முதலாமவரைத்தான். இரண்டாமவரின் வேலை கண்ணில் படுவதில்லை. இது மாற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆள் போனாலும் வேலை நிற்காதபடி ஏற்பாடு வேண்டும் என்பது ஒரு பள்ளிக்குப் பொருந்துவதுபோல மாநிலத்துக்கும் பொருந்தும். பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தர முடிவானது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. (பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் கல்லூரி இவர் பெயரில்தான் என்பதை நம் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.) தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்ய ஆங்கிலேய அரசு அனுமதிக்காததால் 1925-இல் திட்டம் நின்றது. பிள்ளைகளுக்குப் பசி இருந்தது, கொடுக்க மனமும் இருந்தது. பணம் எந்தக் கணக்கில் என்பதுதான் உறுதியாக இல்லை. பிறகு காமராஜர் காலத்தில் மதிய உணவு மாநிலம் முழுவதும் பரவி, 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தபோது, அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பணியிடங்களும் பட்ஜெட்டில் ஒதுக்கீடும் சேர்ந்து வந்தன. அதன்பின் ஆட்சிகள் மாறின, உணவு நிற்கவில்லை. முட்டை வந்தது, 2022-இல் காலை உணவும் வந்தது.

சரி, ஒரு எச்.எம்.மால் பணியிடம் உருவாக்க முடியாது. ஆனால் அவருக்கு எஸ்.எம்.சி. என்ற பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அந்தக் குழுவில் குறைந்தது முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடும் பொறுப்பும் அந்தக் குழுவுக்கே. பல இடங்களில் அது கையெழுத்து வாங்கும் கூட்டமாகச் சுருங்கியிருப்பது பெரிய இழப்பு. வாசிப்பு நேரம் தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால், அதை நிறுத்த நினைப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும். கேட்க அம்மாக்கள் இருப்பார்கள்.

அவர்கள் வருவதற்குத் தோதாகக் கூட்டம் வையுங்கள். மீன் விற்கப் போகிறவரைக் காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் எப்படி வருவார்? மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை. பள்ளி திறக்கும் நேரத்தில் கடலை நம்பிய வீட்டில் காசு புழங்காது. அப்போது நன்கொடைப் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

அப்புறம், குழுவில் துடிப்பாக இருப்பவர்கள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள். அடுத்த ஆண்டு பிள்ளை வேறு பள்ளிக்குப் போய்விடும், அம்மாவும் வர மாட்டார். அதனால் குழு அமைக்கும்போதே ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பெற்றோரை வீடு தேடிப் போய்ப் பேசி உள்ளே கொண்டுவந்துவிடுங்கள்.