27-க்குள் 4, 1354-க்குள் 27: வல்லத்துப் பிள்ளையின் எண்தொடர்

கேரளத்திலிருந்து புளியரை தாண்டிச் செங்கோட்டைக்குக் காய் வாங்க வருபவருக்கு 380 ரூபாய் மீதி தரவேண்டுமானால், கடைக்காரர் பெரிய நோட்டிலிருந்துதான் தொடங்குவார்: 200, 100, 50, 20, 10. நோட்டுகளுக்குப் பதிலாகப் பகா எண்களை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்த்தவர், செங்கோட்டைப் பக்கத்து வல்லத்தில் 1901-இல் பிறந்த கணிதவியலாளர் எஸ். எஸ். பிள்ளை. செங்கோட்டை அன்று திருவிதாங்கூரில் இருந்தது. பிள்ளை பட்டம் படித்ததும் திருவனந்தபுரத்தில்தான். இது பற்றிய அவரது கட்டுரை 1930-இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது வந்தது.

விதி இதுதான். எடுத்த எண்ணுக்கு மிஞ்சாத மிகப் பெரிய பகா எண்ணைக் கழியுங்கள். மீதியிலும் அப்படியே. மீதி 1 வந்தால் 1-ஐயே கடைசிக் காசாக எண்ணி முடியுங்கள். 1 பகா எண் அல்ல. ஆனாலும் இந்தச் சலுகை இல்லையென்றால் 4-லேயே கணக்கு நின்றுவிடும்: 3 போக மிஞ்சும் 1-ஐக் கழிக்க எதுவும் இல்லை.

100-க்கு இரண்டு காசு போதும்: 97, 3. எண் எவ்வளவு பெரிதானாலும் சீக்கிரம் முடிந்துவிடும். n-க்கும் 2n-க்கும் நடுவே ஒரு பகா எண் உண்டென்று ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷேவ் 1852-இல் நிறுவிவிட்டார். அதனால் மீதி ஒவ்வொரு முறையும் பாதிக்கும் கீழே போய்விடும்.

சரி, இரண்டு காசு கேட்கும் முதல் எண் எது? மூன்று கேட்பது? விடைகள்: 4, 27, 1354, 401429925999155061. பிரித்துப் பாருங்கள்:

4 = 3 + 1
27 = 23 + 3 + 1
1354 = 1327 + 23 + 3 + 1

ஒவ்வொன்றின் வாலிலும் முந்தைய எண் முழுதாக உட்கார்ந்திருக்கிறது. காரணம் எளிது. நான்கு காசு வேண்டுமானால் முதல் கழித்தலுக்குப் பின் மூன்று காசு கேட்கும் மீதி வேண்டும். அதில் மிகச் சிறியது 27. ஆகவே அடுத்தடுத்த இரு பகா எண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி எங்கே முதல்முறையாக 27-ஐ மிஞ்சுகிறது என்று தேடவேண்டும். சரியாக 27 உள்ள இடைவெளியைத் தேடினால் கிடைக்காது. 2, 3 என்ற இணை தவிர மற்ற இடைவெளிகள் எல்லாம் இரட்டைப்படை. 113-க்குப் பின் இடைவெளி 14, 1129-க்குப் பின் 22, 1327-க்குப் பின் ஒரே தாவலாக 34. அடுத்த பகா எண் 1361. 1327-உடன் 27-ஐக் கூட்டினால் 1354.

சிக்கனம் தேடுபவருக்கு இது சரியான முறை அல்ல. 1307 + 47 என்று இரண்டே காசில் 1354 வந்துவிடும். பெரியதை முதலில் எடுக்கும் பழக்கம்தான் நான்காக இழுக்கிறது.

ஐந்து காசுக்கு 1354-ஐ மிஞ்சும் இடைவெளி வேண்டும். 401429925999153707-க்குப் பின் 1356 அளவில் அது வருகிறது. அந்தப் பக்கம் சராசரி இடைவெளி சுமார் 40 மட்டுமே. இதைக் கணினியில் சரிபார்ப்பவர்கள் விரிதாளை நம்பக்கூடாது. எக்செல் 15 இலக்கத்தோடு நிறுத்திக் கடைசி மூன்றையும் பூஜ்யமாக்கிவிடும். 64 பிட் முழு எண் வகையில் போட்டால் சரியாக வரும்.

ஆறு காசு கேட்கும் எண்ணும் உண்டு. N! என்பது 1 முதல் N வரையான எண்களின் பெருக்கல். N!+2 முதல் N!+N வரை எதுவும் பகா எண் அல்ல என்பதால் இடைவெளிகளுக்கு உச்சவரம்பே இல்லை. இடைவெளி எவ்வளவு பெரிதாகலாம் என்று சொல்லும் கிராமரின் ஊகத்தை வைத்துக் கணித்தால் அந்த எண்ணுக்குச் சுமார் 27 கோடி இலக்கங்கள் இருக்கும். அதன் வாலிலும் 401429925999155061 இருக்கும்.