வித்திலை: பனங்கொட்டைக்குள் இலை எங்கே?

அக்காவின் மகள் தரம் பத்தில் படிக்கிறாள். முளைத்த பனங்கொட்டையின் நெடுக்குவெட்டு முகத்தை வரைந்து பகுதிகளைக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். கொட்டைக்குள் பஞ்சுபோல் நிறைந்திருந்த பகுதிக்குக் கோடு இழுத்து, அவள் ‘பூரான்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டுப் பக்கத்தில் ‘வித்திலை’ என்று திருத்தியிருந்தார். “மாமா, இதற்குள் எங்கே இலை இருக்கிறது?” என்று கொப்பியை என் முன்னால் போட்டாள்.

நியாயமான கேள்வி. ஆசிரியர் எழுதியதும் சரி, அவள் எழுதியதும் சரி. விதைக்குள் இருந்து குழந்தைச் செடிக்கு ஊட்டம் தரும் ஒரே உறுப்பைத்தான் இருவரும் சொல்லியிருக்கிறார்கள். குழப்பத்துக்குக் காரணம் அந்தச் சொல்.

வித்து, இலை என்ற இரண்டும் சேர்ந்தால் வித்திலை. வித்து என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம் கெட்டு இகரம் வந்து ஏறுகிறது. இலக்கணத்தில் அதற்கு மேல் சிக்கல் இல்லை. வித்து பழைய சொல். தெலுங்கிலும் மலையாளத்திலும் வித்து என்றே இருக்கிறது, கன்னடத்தில் வகரம் பகரமாகிப் பித்து என்று ஒலிக்கிறது. ‘வித்தும் இடல்வேண்டும் கொல்லோ’ என்று குறள் கேட்கிறது. இன்று திருகோணமலைச் சந்தையில் போய் வித்து கேட்டால் சிரிப்பார்கள். கத்தரி விதை, விதைநெல், மாங்கொட்டை என்றுதான் வழக்கு. ஆனால் இலங்கைப் பாடநூல் விதை என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு வித்து என்றே எழுதும். தமிழகப் பாடநூல்கள் மற்ற இடங்களில் எல்லாம் விதை என்று எழுதினாலும் இந்த ஓரிடத்தில் ‘ஒருவித்திலை’, ‘இருவித்திலை’ என்று நம்மோடு சேர்ந்துகொள்கின்றன. விதையிலை என்று எழுதுவோரும் அங்கே உண்டு. பொருள் ஒன்றுதான்.

வித்திலை எந்த மேனாட்டுச் சொல்லுக்கு ஈடாக வந்ததோ, அந்தச் சொல்லில் இலையும் இல்லை, விதையும் இல்லை. ‘கொட்டிலீடன்’ என்று வகுப்பில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிரேக்கத்தில் ‘கொட்டூலே’ என்றால் கிண்ணம், குழிவான பாத்திரம். அதிலிருந்து பிறந்த சொல் தாவரத்துக்கு வருமுன்பே விலங்குகளுக்கு வழங்கியது. பசு கன்று ஈன்றபின் விழும் இளங்கொடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் கருஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாக வட்டங்கள் இருக்கும். தாயின் கருப்பைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கன்றுக்கு ஊட்டம் இழுத்துக் கொடுப்பவை அவைதாம். கால்நடை வைத்தியர்கள் இன்றும் அவற்றை அதே பெயரால்தான் சொல்கிறார்கள். இளங்கொடியை ஓலைப்பையில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்ட நம் ஆட்கள் அந்த வட்டங்களுக்குத் தனிப்பெயர் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. விதைக்குள் இருக்கும் குழந்தைச் செடிக்கு ஊட்டம் தரும் உறுப்புக்கும் அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழில் சொல் ஆக்கியவர்கள் கிண்ணத்தைக் கிண்ணம் என்று பெயர்த்து வைக்கவில்லை. பொருளைப் பார்த்துப் புதிதாகப் பெயரிட்டிருக்கிறார்கள். 1950களிலும் 60களிலும் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்ட காலத்துச் சொற்களில் நாக்கைச் சுளுக்க வைப்பவை பல உண்டு. விதைக்குள் சேர்ந்திருக்கும் உணவுப் பகுதிக்கு வைத்த ‘வித்தகவிழையம்’ என்பதை ஒருமுறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் வித்திலை நாலெழுத்தில் நிற்கும் நல்ல சொல்.

இலை என்று சொல்ல முகாந்தரம் இருக்கிறதா? ஆமணக்கு விதையை ஊறவைத்துத் தோலை உரித்து மெல்லப் பிளந்தால் காண்பீர்கள். வெள்ளை வெளேரென்று, காகிதத்திலும் மெல்லியதாக, நரம்போட்டத்தோடு இரண்டு இலைகள் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு கிடக்கும். பூசணி விதை முளைத்தால் முதலில் விரியும் தடித்த பச்சை இலைச் சோடி வித்திலைதான். அதற்குப் பிறகே சொரசொரப்பான உண்மையான இலை வரும். பாசிப்பயற்றை ஈரத்துணியில் முளைக்க வைத்தால், வளைந்த தண்டு நிமிர்ந்து இரண்டு பருப்பையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு எழும். இதைத் தரைமேல் முளைத்தல் என்பார்கள். கொண்டைக்கடலையும் மாங்கொட்டையும் அப்படிச் செய்வதில்லை. வித்திலைகளை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுக் குருத்தை மட்டும் மேலே அனுப்பும். அது தரைக்கீழ் முளைத்தல்.

இப்போது பருப்பு என்ற சொல் தானாக வந்து விழுந்ததைக் கவனித்திருப்பீர்கள். வித்திலைக்குத் தமிழ்ச் சமையலறையில் ஏற்கெனவே பெயர் இருந்தது, அது பருப்பு. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சுருள் கச்சான் (நிலக்கடலை) வாங்குங்கள். ஒரு மணியை எடுத்துச் சிவந்த தோலை ஊதிவிட்டு இரண்டாகப் பிளவுங்கள். ஒரு பாதியின் நுனியில் சின்னதாக ஒரு மூக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். சிறுவயதில் நாங்கள் அதைத் தாடிக்காரக் கிழவர் என்போம். கைவில்லையால் பார்த்தால் கிழவரின் தாடி மடித்து வைத்த குருத்திலைகளாகத் தெரியும், மறுமுனை முளைவேர். முழுச் செடியும் அந்த மூக்குத்தான். நாம் மென்று தின்னும் இரண்டு பாதிகளும் அதன் கட்டுச்சோறு, அதாவது இரண்டு வித்திலைகள். பருப்புக்கறி தின்பவர் எல்லாரும் வித்திலைதான் தின்கிறார்கள். பாடநூல் இந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால் பாதிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் தொல்லையிலிருந்து தப்பியிருப்பார்கள்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். ஆங்கிலேயரான ஜோன் ரே 1682இல் வெளியிட்ட நூலில் வித்திலை ஒன்றா இரண்டா என்பதை வகைப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். 1789இல் பிரெஞ்சுக்காரர் ஜூசியு அதைத் தாவர உலகின் பெரும்பிரிவாகவே ஆக்கினார். நெல், தென்னை, பனை, வாழை ஒரு பக்கம். மா, வேம்பு, முதிரை மரம், பயறு மறுபக்கம். ஒருவித்திலையில் நரம்புகள் பெரும்பாலும் சமாந்தரமாக ஓடும், பூவின் உறுப்புகள் மூன்று மூன்றாக வரும், வேர் நார்வேராக இருக்கும். இருவித்திலையில் வலைநரம்பு, நாலு அல்லது ஐந்தாக வரும் பூ, ஆணிவேர். இவ்வளவும் பரீட்சைக்குப் போதும்.

தொல்காப்பிய மரபியல் இதே கோட்டுக்கு மிக அருகில் வேறொரு கோடு இழுத்திருக்கிறது. வெளிப்புறம் வைரம் பாய்ந்தவை புல், உட்புறம் வைரம் பாய்ந்தவை மரம் என்பது அதன் கணக்கு. வீட்டுக்கூரை வேய்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பனையைப் பிளந்து வளை எடுக்கும்போது வெளிப்பக்கத்துக் கறுப்பை வைத்துக்கொண்டு உள்ளே உள்ள சோற்றியை எறிகிறோம். முதிரையில் வெளிவெள்ளையைச் செதுக்கிவிட்டு உள்வைரத்தை எடுக்கிறோம். ஆக, தொல்காப்பியர் கண்ணில் பனை ஒரு புல். வித்திலையை எண்ணாமலே, மரத்தை வெட்டிப் பார்த்தே அவர் அங்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

அடுத்த சூத்திரங்கள்தாம் எனக்கு இன்னும் பிடித்தவை. எந்த வகைக்கு எந்த உறுப்புப்பெயர் வரும் என்று பட்டியல் இடுகிறார். தோடு, மடல், ஓலை, ஏடு, பாளை, ஈர்க்கு, குலை என்பவை புல்லுக்கு உரியன. இலை, தளிர், முறி, சினை, குழை, அரும்பு என்பவை மரத்துக்கு உரியன. இலை மரத்தின் பக்கம் நிற்கிறது. நம் வாயும் அப்படித்தான் பழகியிருக்கிறது: பனையோலை, தென்னோலை என்கிறோம், பனையிலை என்று யாரும் சொல்வதில்லை. வாழையிலை மட்டும் இந்த வேலியைத் தாண்டிக்கொண்டு வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டது. ஆகவே மருமகள் “இதற்குள் எங்கே இலை?” என்று கேட்டபோது அவளை அறியாமலே மரபிலக்கணம் பேசியிருக்கிறாள். பனைக்கு இலையே கிடையாது என்னும்போது வித்திலை மட்டும் எங்கிருந்து வரும்?

பூரானுக்கு வருவோம். தமிழகத்து வாசகர் பூரான் என்றதும் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டாம். நாங்கள் சொல்வது தின்னும் பூரான். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். நிலாவெளிப் பக்கம் பனங்கொட்டைகளைப் பாத்தி கட்டி அடுக்கி மண் மூடுவார்கள். சில கிழமைகளில் கொட்டையின் ஒரு துளையால் வெள்ளை முளை வெளியே வந்து, மேலே போகாமல் நேரே கீழே மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனியில்தான் குருத்தும் வேரும் ஒளிந்திருக்கின்றன. பிள்ளையைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவது போன்ற வேலை இது. அங்கே ஆழத்தில் மாச்சத்தைச் சேமித்துத் தடித்துப்போகும் இளமுளையைத்தான் தை மாதத்தில் பனங்கிழங்கு என்று கிண்டி எடுக்கிறோம்.

இறக்கும் கயிறும் வித்திலையின் ஒரு பகுதிதான். அதன் மறுமுனை கொட்டைக்குள்ளேயே தங்கிவிடுகிறது, தங்கிப் பருக்கிறது. நுங்காக இருந்தபோது வழுக்கிக்கொண்டு போனதே, அந்த வித்தகவிழையம் முற்றியபின் கல்லுப்போல் இறுகிக் கிடக்கும். பருத்துவரும் வித்திலை நுனி நொதியங்களைச் சுரந்து அந்தக் கல்லைக் கரைத்துக் குடித்துக் கீழே அனுப்புகிறது. கத்தியால் கொட்டையைப் பிளந்தால் வெளிவட்டத்தில் கரையாத வெள்ளை வளையம், நடுவில் இளமஞ்சளாகக் கடற்பஞ்சு போன்ற உருண்டை. விரலால் நெம்பினால் முழுதாக வந்துவிடும். கடித்தால் முதலில் மெல்லிய இனிப்பு, பின்னால் கொஞ்சம் துவர்ப்பு. முழுவதையும் குடித்து முடித்தபின் மிஞ்சும் வெற்றோடுதான் ஊமல், அடுப்புக்குப் போகும்.

உறிஞ்சிக் குடிக்கும் இத்தகைய உறுப்பைப் பாடநூல் பருகி என்கிறது. அருமையான சொல். ஆனால் பனையிலும் தென்னையிலும் அதைத் தனியே கண்டு பெயரிட்டுத் தின்றும் பழகியவர்களிடம் பூரான் என்ற சொல் முன்பே இருந்தது. தென் தமிழகத்தில் தவுன் என்பார்கள். தேங்காய்க்குள் வளர்வதை அங்கே தேங்காய்ப்பூ என்கிறார்கள். நம் வீட்டில் தேங்காய்ப்பூ கேட்டால் திருவலையில் திருவிய தேங்காய்தான் வரும்.

நுங்குக்கும் பூரானுக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆண்பனையின் மகரந்தம் பெண்பனைப் பூவில் சேர்ந்தபின் மகரந்தக் குழாய் வழியே இரண்டு ஆண் கருக்கள் சூல்வித்துக்குள் இறங்குகின்றன. ஒன்று முட்டையோடு கூடி முளையமாகிறது, அதாவது குழந்தைச் செடியாகிறது. மற்றொன்று அங்கே காத்திருக்கும் இரண்டு கருக்களோடு கூடி வித்தகவிழையமாகிறது. பூக்கும் தாவரங்களின் இந்த இரட்டைக் கருக்கட்டலை 1898இல் ரஷ்யரான நவாஷின் கண்டு சொன்னார். ஆகவே பூரான் பிள்ளையின் சொந்த உடம்பு. நுங்கு அப்பிள்ளையோடு கூடப் பிறந்து, அதற்கு உணவாகிப்போகும் உடன்பிறப்பு. தேங்காய்ப் பருப்பும் இளநீரும் அதே கதைதான். வழக்கில் பருப்பு என்றாலும் தேங்காயில் அது வித்திலை ஆகாது. பருப்பு என்ற பழைய சொல்லை அப்படியே கலைச்சொல்லாக எடுக்காமல் விட்டது இதனால் நல்லதாகப் போயிற்று. நெல்லில் வித்திலை மெல்லிய செதிலாக முளையத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். தம்பலகாமத்து நெல் ஆலைக்குப் போனதும் அது தவிட்டோடு போய்விடும்.

ஒன்று, இரண்டு என்ற கணக்கும் முடிந்த கணக்கு அல்ல. பைனஸ் போன்ற, வித்து காய்க்குள் மூடப்படாத வித்துமூடியிலிகளில் பத்துக்கும் மேற்பட்ட வித்திலைகள் வட்டமாக நிற்பதுண்டு. தூசுபோன்ற ஓர்க்கிட் விதையில் வித்திலை என்று காட்ட ஒன்றுமிருக்காது. 1998 முதல் மரபணுவை அடிப்படையாகக் கொண்டு வந்த புதிய வகைப்பாடு, ஒருவித்திலைத் தாவரங்களை ஒரே குடும்பத்துக் கிளையாக ஏற்றுக்கொண்டது. இருவித்திலைகளை அப்படி ஏற்கவில்லை. மிளகும் கறுவாவும் அன்னமுன்னாவும் இரண்டு வித்திலையோடு முளைத்தாலும், மாவும் வேம்பும் இருக்கும் பெருங்கிளையிலிருந்து விலகித் தனியே நிற்கின்றன.

என் கட்சி இதுதான்: வித்திலை என்ற பொதுச்சொல் இருக்கட்டும், மாற்றத் தேவையில்லை. ஆனால் பனையையும் தென்னையையும் வரையும்போது பூரான் என்று எழுதும் பிள்ளைக்குப் புள்ளியை வெட்டக் கூடாது. ‘வித்திலை நுனி (பூரான்)’ என்று இரண்டையும் எழுதச் சொல்லி மருமகளிடம் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை கிண்ணியாவுக்குப் போனபோது கொட்டியாரக் குடாப் பக்கத்துக் கண்டல் மரத்தடியில் சேற்றில் குத்தி நின்ற ஒரு முழ நீளப் பச்சை ஈட்டி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிட்டு விழும் நாற்று அது. ஈட்டி முழுவதும் வித்திலைக்கீழ்த்தண்டு. தலையில் கூரான குருத்து, அடியில் வேர் விடும் முனை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் வித்திலை எங்கே, மாமா?” என்றாள். அண்ணாந்து காட்டினேன். காய் மட்டும் இன்னும் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. வித்திலை அதற்குள் இருந்தது.