குற்றவியலைத் துணைப்பாடமாக எடுக்கலாமா?

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாட்களில் சேலத்தில் வழக்கறிஞர்களான எங்களிடம் பெற்றோர் கேட்கும் கேள்வி இது: "பையன் கிரிமினாலஜி, அதான் குற்றவியல், படிக்கணும்னு சொல்றான். படிச்சா போலீஸ்ல சேர்ந்துடலாமா சார்?"

சப்-இன்ஸ்பெக்டர் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். குற்றவியல்தான் வேண்டும் என்பதில்லை. ரத்தக்கறை, டிஎன்ஏ என்று ஆய்வகத்தில் வேலை பார்க்க ஆசையென்றால் அது தடய அறிவியல். அதற்கு வேதியியல், உயிரியல் போன்ற அறிவியல் பட்டம் அடிப்படை. இரண்டையும் குற்றவியலோடு போட்டுக் குழப்பிக்கொண்டு கட்டணம் கட்டிவிடாதீர்கள்.

அப்படியென்றால் குற்றவியல் எதற்கு? ஒருவர் ஏன் குற்றத்துக்குள் போகிறார், தண்டனை அவரை என்ன செய்கிறது, பாதிக்கப்பட்டவர் பிறகு என்ன ஆகிறார் என்று கேட்கிற படிப்பு அது. உளவியல், சமூகவியல், சமூகப்பணி, பொருளியல் படிக்கிறவர் இதைத் துணைப்பாடமாக எடுத்தால் மிக நல்லது என்பேன். காரணத்தை என் தொழிலிலிருந்தே சொல்கிறேன்.

பைக் திருட்டில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் சிக்குகிறான் என்று வையுங்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி அவனை விசாரிப்பது ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்ட குழுமம். அவனைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கை அவர்கள் முன் வரும். "குடும்பம் வறுமை, சேர்க்கை சரியில்லை" என்று இரண்டே வரியில் முடிந்துபோன அறிக்கைகளைப் பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன். பள்ளியை எப்போது விட்டான், கொலுசுப் பட்டறையில் யார் வாங்கிய அட்வான்ஸுக்காக வேலைக்குப் போனான், வீட்டில் அவன் பேச்சைக் கேட்க யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதினால் அந்தப் பையனுக்கு என்ன தேவை என்பது குழுமத்துக்குப் புரியும். அப்படி எழுத மனித மனமும் தெரிய வேண்டும், குற்றம் பற்றிய ஆய்வும் தெரிய வேண்டும்.

இந்தப் படிப்பு தவறாகப் போனால் என்ன ஆகும் என்பதையும் மாணவர்கள் படிக்க வேண்டும். பிறவியிலேயே குற்றவாளிகள் உண்டு, முகத்தைப் பார்த்தே சொல்லலாம் என்று 1876-இல் எழுதினார் இத்தாலியின் லோம்ப்ரோசோ. அதற்கும் முன்பே, 1871-இல், முழுச் சமூகங்களையே குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தும் சட்டத்தை வெள்ளை அரசு கொண்டுவந்துவிட்டது. அந்த முத்திரையிலிருந்து பின்னர் விடுவிக்கப்பட்ட சமூகங்களைச் சீர்மரபினர் என்கிறோம். தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் இன்றைக்கும் சேலம் மேல்நாடு கொறவர், சேலம் உப்பு கொறவர் என்ற பெயர்கள் இருக்கின்றன. நம் ஊரின் பெயரே அந்த வரலாற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சட்டம் சுதந்திரத்துக்குப் பின் ஒழிந்தது. ஆனால் ஆளின் சாதியைக் கேட்டுவிட்டுச் சந்தேகப்படும் பழக்கம் ஒழியவில்லை. குற்றவியல் படித்தவர் அந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்க வேண்டும்.

சரி, சேருவதற்கு முன் பார்க்க வேண்டியவை. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட கட்டமைப்பின்படி மூன்றாண்டுப் பட்டத்தில் துணைப்பாடத்துக்கு (மைனர்) 24 கிரெடிட், அதாவது படிப்பின் அளவைக் கணக்கிடும் புள்ளிகள். நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் அலைடு (முதன்மைப் பாடத்தோடு சேர்ந்து வரும் பாடம்), நான்-மேஜர் எலெக்டிவ் (வேறு துறையிலிருந்து எடுக்கும் விருப்பத் தாள்) என்ற முறைதான். ஒரே ஒரு எலெக்டிவ் தாளை "மைனர் டிகிரி" என்று விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். எத்தனை தாள், எத்தனை கிரெடிட், மதிப்பெண் பட்டியலில் எப்படி அச்சாகும் என்று கேளுங்கள்.

பாடத்திட்டத்தையும் வாங்கிப் புரட்டுங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கொலைக்கான தண்டனையைச் சொல்லும் பிரிவு இப்போது 302 இல்லை, 103. பழைய எண்கள் மட்டுமே இருக்கும் பாடத்திட்டம் என்றால் யாரும் அதைத் திருத்தவில்லை என்று அர்த்தம். பாதிக்கப்பட்டவர்களைப் பற்றித் தனித் தாள் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், மேற்படிப்பு எண்ணம் இருந்தால் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்குத் தனித் துறைகள் உண்டு. அங்கே முதுகலையில் சேர என்ன தகுதி கேட்கிறார்கள் என்பதை முதலாம் ஆண்டிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.