ரயில் நிற்காத நிலையத்துக்குள் என்ன வைக்கலாம்?

சிங்கப்பூரின் வட்டப் பாதை ரயிலில் கதவுக்கு மேலே ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே வந்த என் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, கால்டிகாட் 17, பொட்டானிக் கார்டன்ஸ் 19. அப்ப 18 எங்க?"

அவள் கேட்ட நேரத்தில் நாங்கள் அந்த 18ஐத்தான் கடந்துகொண்டிருந்தோம். சன்னலுக்கு வெளியே வெறும் இருட்டு. அந்த இருட்டுக்குள் புக்கிட் பிரௌன் என்று பெயரிட்ட ஒரு நிலையத்தின் கூடு இருக்கிறது. 2011 அக்டோபரில் பாதையின் இந்தப் பகுதி திறந்தபோதே அதையும் கட்டி முடித்துவிட்டார்கள். மேலே பழைய சீனக் கல்லறைத் தோட்டம். இறங்கி ஏற ஆளில்லை, அதனால் ரயில் நிற்பதில்லை. தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் பாதையின் மூன்றாம் கட்டம் 2022 நவம்பரில் திறந்தபோது மவுண்ட் பிளசண்ட், மரினா சவுத் இரண்டையும் இதேபோல மூடியே வைத்தார்கள்.

ஆளில்லாத இடத்தில் எதற்கு நிலையம்? ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அதே இடத்தில் நிலையம் கட்டுவது, குடியிருந்துகொண்டே வீட்டின் அடித்தளத்தை மாற்றுவது போன்ற வேலை. சுரங்கத்தின் இருபுறமும் ஆழமாகத் தோண்ட வேண்டும். தோண்டினால் பக்கத்து மண் நகரும், மண் நகர்ந்தால் தண்டவாளமும் நகரும். அதில் சில மில்லிமீட்டர்கூடப் பெரிய விஷயம். அதனால்தான் கூட்டை மட்டும் முதலிலேயே கட்டிவிடுகிறார்கள். உட்லீ நிலையம் 2003 ஜூனில் வடகிழக்குப் பாதை திறந்தபோது பூட்டிக் கிடந்தது. 8 ஆண்டு கழித்து 2011 ஜூனில்தான் திறந்தது. புவாங்கோக் மூடிக் கிடந்தபோது, 2005ல், அதன் அருகே, வீண்செலவைக் குறிக்கும் வெள்ளை யானை அட்டைகளை நட்டு வைத்துத் தங்கள் மனக்குறையைச் சொன்னார்கள் வட்டாரத்து மக்கள். 2006 ஜனவரியில் அதுவும் திறந்தது.

ஆக, பயன்பாடு முடிந்து மூடப்பட்ட சுரங்க நிலையம் சிங்கப்பூரில் கிடையாது. திறப்புக்குக் காத்திருக்கும் நிலையங்கள்தான் உண்டு. லண்டனிலும் பாரிஸிலும் நியூயார்க்கிலும் மூடிய நிலையங்கள் நிறைய. லண்டனின் ஆல்ட்விச் நிலையம் 1907ல் திறந்தது. பழைய மின்தூக்கிகளை மாற்றும் செலவுக்கு ஏற்ற பயணிகள் இல்லை என்று 1994ல் மூடிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் அதன் சுரங்கத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அரும்பொருள்கள் பத்திரமாக இருந்தன. இப்போது சினிமா எடுக்கிறார்கள். மட்ரிட்டின் சம்பெரி நிலையம் வளைவில் இருந்ததால் நீளமான ரயில்களுக்காக அதை நீட்ட முடியவில்லை. 1966ல் மூடி, 2008ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

அருங்காட்சியகமும் படப்பிடிப்பும் நல்ல பயன்பாடுகள்தான். ஆனால் அவை நிலையத்திடம் பெரிதாக எதையும் கேட்பதில்லை. இருப்பது இருந்தபடியே இருந்தால் போதும். காய்கறி வளர்க்கலாமே, ஆவணக் கிடங்கு வைக்கலாமே, வீடுகளுக்கு வெப்பம் எடுக்கலாமே என்று கேட்கும்போதுதான் அறிவியல் உள்ளே வருகிறது. ஏனென்றால் பூமிக்குள் இருக்கும் அறை சும்மா இருக்கும் அறை இல்லை.

முதலில் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் நான் சந்திக்கும் அறந்தாங்கிக்காரர் ஒருவர் இங்கே சில நிலையங்களில் கம்பி கட்டும் வேலை செய்தவர். "மண்ணைவிடத் தண்ணிக்குத்தான் பயப்படுவோம் அண்ணே" என்பார். காலிக் குடத்தைக் குளத்தில் அமுக்கிப் பார்த்தவர்களுக்கு அது புரியும். வாய் மேலே இருக்க அமுக்கினால் கையை மேலே தள்ளும். நிலத்தடி நீர்மட்டம் சிங்கப்பூரில் பல இடங்களில் தரையிலிருந்து சில மீட்டரிலேயே வந்துவிடும். அதற்குக் கீழே போகும் நிலையம் முழுவதும் ஒரு பெரிய காலிக் குடம்தான். 200 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், அடித்தளம் நீர்மட்டத்துக்கு 20 மீட்டர் கீழே என்று ஒரு பெட்டியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது விலக்கும் தண்ணீர் 80,000 கன மீட்டர். அதாவது 80,000 டன் விசை அந்தப் பெட்டியை இரவும் பகலும் மேலே தள்ளுகிறது.

கான்கிரீட்டின் எடை, கூரைமேல் இருக்கும் மண்ணின் எடை, தேவைப்பட்ட இடங்களில் அடியிலிருந்து பிடித்து இழுக்கும் ஆழமான தூண்கள் ஆகியவை சேர்ந்துதான் அதைக் கீழே நிறுத்தி வைக்கின்றன. கூரைமேல் உள்ள மண்ணை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டால் வெளிச்சம் வருமே என்று ஆசையாக இருக்கும். எடுத்த ஒவ்வொரு கன மீட்டர் மண்ணும் குடத்தை அமுக்கிக்கொண்டிருந்த கைதான். கணக்குப் பார்க்காமல் அதில் கை வைக்க முடியாது.

அடுத்தது வெப்பம். இங்கேதான் லண்டனும் சிங்கப்பூரும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், சித்திரை மதியத்தில் அதே தண்ணீர் ஜில்லென்று இருக்கும். உண்மையில் கிணறு மாறவில்லை, மேலே இருக்கும் காற்றுதான் மாறியது. மண் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். பகலில் ஏறும் சூடு இறங்கத் தொடங்கும்போதே இரவின் குளிர் பின்னாலேயே வந்து அதை அழித்துவிடுகிறது. ஒரு நாளின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு முழ ஆழத்தில் அடங்கிவிடும். ஆண்டின் ஏற்ற இறக்கம் அதைவிட 365 மடங்கு நீளமான அலை. அது இறங்கும் ஆழம் 365இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 19 மடங்கு அதிகம். எனவே 10 மீட்டர் வாக்கில் கோடையும் குளிர்காலமும் காணாமல் போகும். அதற்குக் கீழே மண்ணின் வெப்பநிலை, மேலே உள்ள காற்றின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும்.

லண்டனில் சுரங்கம் தோண்டிய காலத்தில் களிமண் ஏறத்தாழ 14 டிகிரியில் இருந்தது. பிரேக் போடும்போது வரும் சூடு, மோட்டார், மனிதர்கள் என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஊறி ஊறி அது பல இடங்களில் 20ஐத் தாண்டிவிட்டது. சுரங்கம் புழுங்குகிறது, மேலே வீடுகள் குளிரில் நடுங்குகின்றன. இந்த இரண்டையும் சேர்த்து வைத்தது ஒரு செத்த நிலையம். 1922ல் மூடிய சிட்டி ரோடு நிலையத்தின் பழைய செங்குத்துக் காற்றோட்டக் குழியில் 2 மீட்டர் அகல விசிறி ஒன்றை 2020ல் இயக்கத் தொடங்கினார்கள். 18 முதல் 28 டிகிரி வரையிலான சுரங்கக் காற்றை அது இழுக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் முதுகு எப்படிச் சூடாகிறதோ அதே வேலையைச் செய்யும் பெரிய எந்திரம் அந்தக் காற்றின் வெப்பத்தைத் திரட்டித் தண்ணீரை 80 டிகிரிக்குக் கொண்டுபோகிறது. அந்தத் தண்ணீர் குழாய் வழியே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போகிறது. கோடையில் விசிறியைத் திருப்பிவிட்டு வெளிக்காற்றை உள்ளே அனுப்பவும் முடியும். பயணிகளே இல்லாமல் ஒரு நிலையம் இத்தனை பேருக்குப் பயன்படுவதை நினைக்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

சரி, அதை இங்கே கொண்டுவந்து புக்கிட் பிரௌனில் மாட்டலாமா? முடியாது. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை கிட்டத்தட்ட 28 டிகிரி. ஆகவே ஆழத்து மண்ணும் அதை ஒட்டித்தான் இருக்கும். இங்கே பூமிக்குள் போனால் குளிர் கிடைக்காது. கிடைப்பது இருட்டும், மாறாத வெதுவெதுப்பும்தான். வெப்பத்தை வாங்கிக்கொள்ள வீடுகளும் இல்லை.

காய்கறித் தோட்டம் என்ற யோசனையும் இதனால்தான் இங்கே சிரமப்படும். லண்டன் கிளாப்பமில் போர்க்காலப் புகலிடச் சுரங்கங்களில், 33 மீட்டர் ஆழத்தில், எல்இடி விளக்கில் கீரைத் தளிர் வளர்த்தார்கள். அங்கே விளக்கின் சூடு உதவியாகவே இருந்தது. இங்கே கணக்கு வேறு. 1,000 சதுர மீட்டர் பாத்திக்குச் சதுர மீட்டருக்கு 150 வாட் விளக்கு என்று வைத்தால் 150 கிலோவாட். செடி உடம்பில் சேர்ந்துகொள்ளும் சிறு பங்கு போக, அத்தனை மின்சாரமும் கடைசியில் வெப்பமாகவும் இலைகள் விடும் ஆவியாகவும் அறைக்குள்ளேயே நிற்கும். அதை வெளியேற்ற, படுக்கையறையில் மாட்டும் அளவுள்ள குளிரூட்டிகள் 60 வேண்டும். விளக்குக்கு ஒரு பில், விளக்கின் சூட்டை விரட்ட இன்னொரு பில்.

ஆவணக் கிடங்கு? இருட்டு நல்லதுதான். ஆனால் ஈரம் விடாது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். நம் ஊர்க் காற்றில் 80 விழுக்காடு ஈரம் என்றால் 24 கிராம். அந்தக் காற்றை உள்ளே இழுத்து 22 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது 19 கிராம்தான் தாங்கும். மிச்சம் 5 கிராம் தண்ணீராக எங்கேயாவது வடிந்தாக வேண்டும். 40,000 கன மீட்டர் நிலையத்தில் ஒருமுறை காற்றை மாற்றினால் 200 லிட்டர். குளிர்விக்கும் எந்திரத்தில் அது வடிந்தால் நல்லது. குளிர்ந்த சுவரிலும் காகிதக் கட்டிலும் வடிந்தால் பூஞ்சைதான் மிஞ்சும். கான்கிரீட் வழியே கசியும் ஈரம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அப்படியானால் இங்கே எது பொருந்தும்? நம் ஊருக்கு வேண்டியது குளிர். மரினா பே வட்டாரத்தில் 2006 முதல் நிலத்தடிக் குழாய்களில் குளிர்நீர் ஓடுகிறது. பல கட்டடங்கள் தனித்தனிக் குளிரூட்டும் எந்திரம் வைக்காமல் அதையே பகிர்ந்துகொள்கின்றன. என் யோசனை இது: நாளை ஏதாவது ஒரு சுரங்க நிலையத்தை உண்மையிலேயே மூட வேண்டி வந்தால், அதைக் குளிர்நீர்த் தொட்டியாக்கலாம். இரவில், மின்சாரத் தேவை குறைந்த நேரத்தில், தண்ணீரைக் குளிர்வித்து நிரப்பி வைப்பது. பகலில் அதை மேலே உள்ள கட்டடங்களுக்கு அனுப்புவது. 10,000 கன மீட்டர் தண்ணீர் 8 டிகிரி சூடேறித் திரும்பினால் அது வாங்கிக்கொள்ளும் வெப்பம் சுமார் 93,000 கிலோவாட் மணி. 4,000க்கும் மேற்பட்ட அறைகளை 8 மணி நேரம் குளிராக வைக்கப் போதும். கூடவே ஒரு லாபம்: அந்த 10,000 டன் தண்ணீர் குடத்தை உள்ளிருந்தே அமுக்கும்.

புக்கிட் பிரௌனுக்கு நான் இதைச் சொல்லவில்லை. அது திறக்கப்பட வேண்டிய நிலையம், அதன் வழியே ரயில் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் எந்தப் புதிய பயன்பாடு வைத்தாலும் காற்றையும் யோசிக்க வேண்டும். சுரங்கத்துக்குள் ரயில் ஒரு ஊசிக்குழலின் தண்டு போல முன்னால் உள்ள காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். சிங்கப்பூர் 1987லேயே சுரங்க நிலையங்களின் நடைமேடைகளில் முழு உயரத் தடுப்புக் கதவுகள் வைத்ததற்கு ஒரு காரணம் அதுதான். குளிரூட்டிய காற்று சுரங்கத்துக்குள் போய்விடக் கூடாது. வெறும் கூட்டில் அந்தக் கதவுகளும் இல்லை, நகரும் படிகளும் இல்லை. தீப்பிடித்தால் புகை மேலே ஏறும். மனிதர்கள் தப்பிக்கும் வழியும் அதே மேல்திசைதான். அதனால் மனிதர்கள் கூடும் எந்தப் பயன்பாட்டுக்கும் வாசல், படி, புகைவிசிறி என்று பாதி நிலையத்தையே கட்டி முடிக்க வேண்டியிருக்கும்.

இதெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தபோது அக்கா மகள், "அப்ப நம்ம ஊர்ல எந்த ஸ்டேஷனுக்கும் ரெண்டாவது வேலை கிடையாதா?" என்றாள். உண்டு, நாம் தினமும் நடக்கும் இடத்திலேயே. லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் நிலையங்கள் போர்க்காலப் புகலிடங்களாகவும் வடிவமைக்கப்பட்டவை. வெடிப்பைத் தாங்கும் கனத்த எஃகுக் கதவுகள், தனிக் காற்றோட்டம், தண்ணீர் தேவைப்படாத கழிப்பறை ஏற்பாடு எல்லாம் உண்டு. முதல் கான்கிரீட் ஊற்றும் முன்பே இரண்டாவது பயன்பாட்டையும் வரைபடத்தில் சேர்த்துவிட்டார்கள். அதை மிகச் சரியான வழி என்று நினைக்கிறேன். புதிதாகக் கட்டும் ஒவ்வொரு கூட்டிலும் வருங்காலக் குழாய்களுக்கான துளைகளையாவது விட்டு வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதை அறந்தாங்கிக்காரரிடம் கேட்டேன். கட்டி முடித்த பிறகு டி-வாலில் ஒரு துளை போட என்ன ஆகும் என்று. டி-வால் என்பது தோண்டுவதற்கு முன்பே மண்ணுக்குள் இறக்கும் பக்கச் சுவர். வேலையிடத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "முன்னாடியே குழாயை வச்சுட்டா கம்பியோட கம்பியா கட்டிட்டுப் போயிடுவோம் அண்ணே, அரை நாள் வேலை. அப்புறமா ஓட்டை போடணும்னா, மொதல்ல அந்தப் பக்கம் நிக்கிற தண்ணிக்கு வழி சொல்லணும்."