கிரைண்டர் என்று தேடுபவர் எல்லாம் கிரைண்டர் வாங்க வருபவர் அல்லர்

கோயம்புத்தூரில் மாவு கிரைண்டர் தயாரிக்கும் சிறு பட்டறை ஒன்றின் உரிமையாளர், கூகுள் விளம்பரத்துக்கு இரண்டு மாதமாகப் பணம் போகிறதே தவிர ஆர்டர் ஒன்றும் வரவில்லை என்ற குறையோடு என்னிடம் வந்தார். எந்தச் சொல்லைத் தேடும்போது விளம்பரம் வர வேண்டும் என்று நாம் கொடுக்கும் கீவேர்டு அவருடைய கணக்கில் ஒன்றே ஒன்று: 'கிரைண்டர்'. அதுவும், கீவேர்டைச் சேர்க்கும்போது நாம் எதையும் மாற்றாவிட்டால் தானாகவே அமைந்துவிடும் பிராட் மேட்ச் வகையில் இருந்தது; அதாவது அச்சொல்லோடு தொடர்புள்ளதாகக் கூகுள் கருதும் தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் வரும்.

மக்கள் உண்மையில் தட்டச்சு செய்த சொற்களைக் காட்டும் சர்ச் டெர்ம்ஸ் அறிக்கையைத் திறந்தோம். இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரைத் தேடியவர், காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தைத் தேடியவர், கிரைண்டர் கல் கொத்த ஆள் தேடியவர், பெல்ட் மாற்றுவது எப்படி என்று பார்க்க வந்தவர் என எல்லோருடைய கிளிக்குக்கும் இவர் பணம் கட்டியிருந்தார். ஒரு கிளிக்குக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 100 கிளிக்கில் 2 பேர் வாங்கினால் ஒரு விற்பனைக்கு 750 ரூபாய் செலவாகிறது. அந்த 100 பேரில் 60 பேர் ஆங்கிள் கிரைண்டர் தேடி வந்தவர்களாக இருந்தால் இந்தக் கணக்குக்கே இடமில்லை.

ஆகவே தேடுபவரின் நோக்கம் தெரியும் சொற்களாகப் பிரித்தோம். வீட்டுக்கு வாங்குபவர் '2 லிட்டர் டில்டிங் கிரைண்டர்', 'டேபிள் டாப் கிரைண்டர் விலை' என்று தேடுகிறார். ஓட்டல்காரர் '10 லிட்டர் கமர்ஷியல் கிரைண்டர்' என்று தேடுகிறார். இவ்விருவருக்கும் ஒரே விளம்பரத்தைக் காட்டுவதில் பொருளில்லை என்பதால் கீவேர்டுகளையும் அவற்றுக்கான விளம்பரங்களையும் சேர்த்து வைக்கும் ஆட் குரூப் ஒவ்வொருவருக்கும் ஒன்றாகத் தனித்தனியே வைத்தோம். 'விலை' என்று தேடுபவர் வெறுமனே விசாரிப்பவர் என்று நினைத்து அச்சொல்லை ஒதுக்கச் சொன்ன உரிமையாளரோடு நான் உடன்படவில்லை. நம் ஊரில் வாங்கப்போகிறவர்தான் முதலில் விலை கேட்பார்.

கீவேர்டைச் சதுர அடைப்புக்குள் இட்டு எக்ஸாக்ட் மேட்ச் ஆக்கிவிட்டால் அந்தச் சொல்லுக்கு மட்டுமே விளம்பரம் வரும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. இப்போது அதே பொருள் தருவதாகக் கூகுள் கருதும் பிற தேடல்களுக்கும் அது வரும். தேடலில் இந்தச் சொல் கட்டாயம் இருக்க வேண்டும் என்று கூட்டல் குறி இட்டுச் சொன்ன மாடிஃபயர் முறையும் 2021இல், கீவேர்டின் பொருள் அடங்கிய தேடல்களுக்கு விளம்பரம் காட்டும் ஃபிரேஸ் மேட்சோடு கலந்துவிட்டது. இப்படி கீவேர்டின் எல்லை விரிந்துகொண்டே போவதால், எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை ஒதுக்குவது என்பதில்தான் இப்போது என் நேரம் அதிகம் செலவாகிறது.

இப்படி ஒதுக்குவதற்காகச் சேர்க்கும் நெகடிவ் கீவேர்டில், அதாவது விளம்பரம் வரக்கூடாத சொல்லில், ஒரு சிக்கல் உண்டு. சாதாரண கீவேர்டு தன்னைப் போன்ற சொற்களையும் இழுத்துக்கொள்ளும். நெகடிவ், எழுத்துப்பிழைகளைத் தவிர, அப்படி இழுத்துக்கொள்ளாது. 'ரிப்பேர்' என்று ஒதுக்கினால் 'ரிப்பேரிங்' அடைபடாது, 'சர்வீஸ்' அடைபடாது. தமிழைப் பொறுத்தவரை ஒவ்வொன்றையும் தமிழ் எழுத்தில் ஒரு முறையும், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்பவர்களுக்காக இன்னொரு முறையும் சேர்க்க வேண்டியிருக்கிறது, அதிலும் 'பழைய' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்பது அறிக்கையைப் பார்த்த பிறகே எனக்கும் தெரிந்தது. முழுக்கத் தமிழ் எழுத்தில் சேர்த்த கீவேர்டுகள் சில, தேடுவோர் எண்ணிக்கை குறைவு என்ற குறிப்போடு செயல்படாமல் நின்றுவிடுவதும் உண்டு. அவற்றை அழிக்க வேண்டியதில்லை. தேடல் கூடும்போது தாமாகவே இயங்கத் தொடங்கும்.

அறிக்கையும் முழுமையானதன்று. 2020 செப்டம்பர் முதல், மிகச் சிலரே தேடிய சொற்களைக் கூகுள் அதில் காட்டுவதில்லை. எனவே செலவில் ஒரு பகுதி எந்தச் சொல்லுக்குப் போனது என்று நமக்குத் தெரியவே தெரியாது. தெரிகிற பகுதியையாவது வாரம் ஒரு முறை வரிவரியாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். உரிமையாளர் இப்போது திங்கட்கிழமை காலையில் பட்டறை திறந்ததும் அதைத்தான் பார்க்கிறார். சென்ற வாரம் 'கிரைண்டர் கல் எடை எவ்வளவு' என்ற தேடலை ஒதுக்கலாமா என்று தொலைபேசியில் கேட்டார். கல்லின் எடையைக் கேட்பவர் உதிரிக் கல் தேடுபவராகவும் இருக்கலாம், இரண்டு கிரைண்டர்களை ஒப்பிட்டுப் பார்ப்பவராகவும் இருக்கலாம் என்பதால், இன்னும் ஒரு மாதம் விட்டுவைப்போம் என்றேன்.