நெல்லிக்காய்க்குள் போகும் குழாய்

ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம் போகிற தாத்தாவைக் கேட்டால், "வயசாச்சுப்பா, அப்படித்தான்" என்பார். வயசுதான் காரணம், சரி. ஆனால் உள்ளே என்னதான் நடக்கிறது?

சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே புராஸ்டேட் சுரப்பி இருக்கிறது. இளவயதில் சுமார் 20 கிராம், ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. விந்து திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் வேலை. சிறுநீர் வெளியேறும் குழாய் இதன் நடுவில்தான் புகுந்து போகிறது. வயதானால் வீங்குவதும் குழாயை ஒட்டிய அந்த உள்பகுதிதான். நாய்க்கும் முதுமையில் இது வீங்கும். அது வெளிப்பக்கமாகப் பருத்து மலக்குடலை அழுத்துவதால், நாய் பெரும்பாலும் மலம் கழிக்கத்தான் முக்கும்.

மனிதருக்கு உள்பகுதி வீங்கிக் குழாயை எவ்வளவு நெருக்குகிறது என்பதுதான் முக்கியம். அதனால் ஸ்கேன் ரிப்போர்ட்டில் கிராம் கணக்கை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். 80 கிராம்காரர் நிம்மதியாகத் தூங்குவார், 35 கிராம்காரர் திண்டாடுவார். இது புற்றுநோயும் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. புற்றுநோய் பெரும்பாலும் வெளிப்பகுதியில் தொடங்கும். ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம் என்பதால் டாக்டர் அதையும் சோதிப்பார்.

வழி குறுகியதும் சிறுநீர்ப்பை முக்கித் தள்ளுகிறது. தள்ளித் தள்ளி அதன் சுவர் தடித்து, கொஞ்சம் நிறைந்தாலே சுருங்கத் தொடங்கிவிடுகிறது. முழுசாகக் காலியாவதும் இல்லை. தாத்தாவின் தூக்கம் கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏன் வீங்குகிறது? டெஸ்டோஸ்டிரோனை ஒரு நொதி டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. சுரப்பியை வளர்ப்பது அதுதான். இதற்குத் துப்பு கிடைத்தது டொமினிகன் குடியரசின் சாலினாஸ் கிராமத்தில். அங்கே சில பிள்ளைகள் பெண்ணாக வளர்க்கப்பட்டு, பருவ வயதில் ஆணாகத் தெரியவந்தார்கள். 1974இல் வெளியான ஆய்வு, அவர்களுக்கு அந்த நொதி குறைவு என்று காட்டியது. பெரியவர்களான பிறகும் அவர்களுடைய புராஸ்டேட் சிறிதாகவே இருந்தது. அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பலன் தெரிய ஆறு மாதம்கூட ஆகும். டாம்சுலோசின் வேறு வகை: சுரப்பியைச் சுருக்காது, அங்குள்ள தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும், சில நாளிலேயே ஓட்டம் சீராகும்.

மூக்கடைப்புக்கு விழுங்கும் சில சளி மாத்திரைகள் செய்வது இதற்கு நேர் எதிர். அதே தசையை இறுக்கிவிடும். ஏற்கெனவே வீக்கம் உள்ளவருக்கு நடுராத்திரியில் சிறுநீர் அடியோடு நின்று, ஆஸ்பத்திரியில் டியூப் போடும் நிலைகூட வரலாம். அப்புறம், தாத்தாவுக்கு ஜலதோஷம் என்றால் மருந்துக்கடைக்காரரிடம் இந்த வீக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.