கடல்மட்டத்து உடம்பு 3,500 மீட்டரில் டென்ட் போட்டுப் படுத்தால் உள்ளே என்ன நடக்கிறது?

கேதார்நாத் போகிறோம், லடாக் போகிறோம், ராத்திரி டென்ட்டில்தான் தங்கல் என்று நம் பக்கத்து ஆட்கள் கிளம்பும்போது எல்லாரும் விசாரிப்பது குளிரைப் பற்றித்தான். எத்தனை ஸ்வெட்டர் எடுக்க, மங்கி குல்லா வேண்டுமா, கம்பளி அங்கேயே தருவார்களா. குளிர் கஷ்டம்தான், ஆனால் அதைப் போர்த்திக்கொண்டு சமாளித்துவிடலாம். எவ்வளவு போர்த்தினாலும் சமாளிக்க முடியாதது அங்கேயுள்ள காற்று. ராமேஸ்வரம் தீவிலேயே உயரமான இடம் ராமர் பாதம் இருக்கிற கந்தமாதன பர்வதம், அந்த மேட்டில் ஏறி நின்றால் தீவும் கடலும் தெரியும், ஆனால் மூச்சில் ஒரு மாற்றமும் தெரியாது. மண்டபம், தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி எல்லாமே கடலோடு ஒட்டிக் கிடக்கும் தரை. பிறந்ததிலிருந்து இந்த மட்டத்துக் காற்றையே இழுத்து வளர்ந்த உடம்பு திடீரென்று 3,500 மீட்டரில் ஒரு ராத்திரி படுத்தால் என்ன பாடு படும், ஏன் படும் என்பதை டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பயணத் திட்டத்தையே அதை வைத்துத்தான் போட வேண்டும்.

முதலில் அழுத்தம். காற்றுக்கு எடை உண்டு. பாம்பன் கரையில் நிற்கும் ஒருவருடைய தோலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள காற்று அழுத்துகிறது. அழுத்தம் என்றால் என்ன என்று சங்கு குளிக்கப் போகிறவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, இரண்டு பாகம் ஆழம் இறங்கும்போதே காது சொல்லிவிடும், பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மலை ஏறுவது அதே சங்கதியின் எதிர்த்திசை. நாம் காற்றுக் கடலின் அடித்தரையில் வாழ்கிறவர்கள், மலையில் ஏற ஏற நமக்கு மேலே இருக்கிற காற்று குறைகிறது. ஒரே ஒரு வித்தியாசம் முக்கியமானது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது, அதனால் கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் அழுத்தம் ஒரே அளவில் கூடும். காற்று அப்படியில்லை, தன் எடையாலேயே நசுங்கி அடியில் அடர்ந்து கிடக்கிறது, அதனால்தான் நூறு கிலோமீட்டர் உயரம் போகும் வளிமண்டலத்தின் எடையில் பாதி முதல் ஐந்தரை கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைவதை முதன்முதலில் அளந்து காட்டியது 1648இல். பிரான்சில் விஞ்ஞானி பாஸ்கல் சொன்னதன் பேரில் அவருடைய அக்கா கணவர் பெரியே காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு பூய் த தோம் என்ற மலையில் ஏறினார், உச்சியில் பாதரசம் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது.

"மேலே ஆக்சிஜன் கம்மி" என்று எல்லாரும் சொல்கிறோம். விகிதத்தைப் பார்த்தால் கம்மியே இல்லை. ராமநாதபுரத்திலும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், லே நகரத்திலும் 21 சதவீதம், எவரெஸ்ட் உச்சியிலும் அதே 21தான். குறைவது மொத்தக் காற்று. கொடைக்கானலில் (2,100 மீட்டர்) காற்றழுத்தம் நம் கரையில் இருப்பதில் 78 சதவீதம் வாக்கில் இருக்கும், லேயிலும் கேதார்நாத்திலும் (இரண்டும் 3,500 மீட்டரை ஒட்டியவை) 65 சதவீதம், மணாலி-லே சாலையில் டென்ட் முகாம்கள் வரிசையாக இருக்கும் சர்ச்சுவில் (4,290 மீட்டர்) 60க்கும் கீழே. உச்சிப்புளியில் வாங்கிப் பையில் திணித்த மிக்சர் பாக்கெட்டை அங்கே போய் வெளியே எடுத்துப் பாருங்கள், ஊதின பலூன் போல் விறைத்துக்கொண்டு, தையல் ஓரம் பிரிகிற மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது நம்மூர்க் காற்று, அதை வெளியிலிருந்து அமுக்கிப் பிடிக்க அங்கே போதுமான காற்று இல்லை.

சரி, அப்படியானால் கொடைக்கானலில் நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? அங்கேயும்தான் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காற்று குறைந்துவிடுகிறதே. இதற்குப் பதில் ஹீமோகுளோபினில் இருக்கிறது, இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், நுரையீரலில் ஆக்சிஜன் அழுத்தம் குறையக் குறைய அதே அளவில் சுமையைக் குறைத்துக்கொண்டே வருவதில்லை. கடல்மட்டத்தில் நுரையீரலின் காற்றறைகளில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 100 மில்லிமீட்டர் பாதரசம். அது 70க்கு இறங்கினாலும் ஹீமோகுளோபின் ஏறக்குறைய முழுச் சுமையோடுதான் கிளம்பும். 60ஐத் தாண்டிக் கீழே போனால்தான் சறுக்கல், அதுவும் செங்குத்தான சறுக்கல். கொடைக்கானல் அந்தச் சறுக்கலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. லேயும் கேதார்நாத்தும் அந்தப் பக்கம், அங்கே காற்றறையில் 55 வாக்கில்தான் இருக்கும். கொரோனா காலத்தில் எல்லார் வீட்டிலும் விரலில் மாட்டிப் பார்த்தோமே ஆக்சிமீட்டர், அதில் இங்கே 98 காட்டுகிற ஆரோக்கியமான ஆள் அங்கே போய் இறங்கியதும் 85 முதல் 90 வரை காட்டுவது சகஜம். ஆக, ஊட்டி, கொடைக்கானல், கொழுக்குமலையில் டென்ட்டில் தங்கிய அனுபவத்தை வைத்து இமயமலையைக் கணக்குப் போடக் கூடாது.

இப்போது ராத்திரிக்கு வருவோம்.

ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததைக் கழுத்து நாளத்தில் இருக்கும் சின்னஞ்சிறு உணர்விகள் கண்டுபிடித்து, மூச்சைக் கூட்டச் சொல்லி மூளைக்குத் தகவல் அனுப்பும். வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடுகிறோம், ஆக்சிஜன் கொஞ்சம் கூடுகிறது. கூடவே கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது, வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. சாதாரணமாக மூளை அடுத்த மூச்சை இழுக்கச் சொல்வது முக்கியமாகக் கரியமில வாயுவின் அளவைப் பார்த்துத்தான். விழித்திருக்கும்போது எப்படியோ சமாளித்துக்கொள்ளும். தூங்கினால் வேறு எந்தத் தூண்டுதலும் இல்லை, கரியமில வாயு குறைவு என்று பார்த்த மூளை மூச்சை நிறுத்தியே வைத்துவிடும், பத்துப் பதினைந்து விநாடி. அதற்குள் ஆக்சிஜன் இன்னும் இறங்கி, கழுத்து உணர்வி அலறி, ஆள் திணறிக்கொண்டு நாலைந்து பெரிய மூச்சு இழுப்பார். மறுபடி கரியமில வாயு குறையும், மறுபடி நிற்கும். ராத்திரி முழுக்க இதே சுற்று. டென்ட்டில் பக்கத்தில் படுத்திருப்பவர் இதைக் கேட்டால் வெலவெலத்துப் போவார், ஆனால் அந்த உயரத்தில் இது பெரும்பாலானவர்களுக்கு வருவது, இது மட்டும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மது குடித்துவிட்டோ தூக்க மாத்திரை போட்டுக்கொண்டோ படுத்தால்தான் ஆபத்து, இரண்டும் மூச்சை இன்னும் மந்தமாக்கும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது சிறுநீரகம். கரியமில வாயு அதிகம் வெளியேறினால் ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும், அதைச் சரிக்கட்ட சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரப் பொருளைச் சிறுநீரில் வெளியேற்றும். அதைச் செய்தபிறகுதான் மூளை தயங்காமல் மூச்சைக் கூட்டவே அனுமதிக்கும். மலையில் அடிக்கடி சிறுநீர் வருகிறதே என்று எரிச்சல்படாதீர்கள், உடம்பு பழகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இந்த வேலை சில நாள் எடுக்கும். டாக்டர்கள் எழுதித் தரும் அசெட்டசோலமைடு மாத்திரை இதே வேலையைத்தான் வேகப்படுத்துகிறது (சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்). இன்னொரு பக்கம், செல்கள் ஆக்சிஜன் குறைவை உணர்ந்து புதுச் சிவப்பணுக்கள் உருவாக்கக் கட்டளை இடுகின்றன. அந்த உணரும் விதத்தைக் கண்டுபிடித்ததற்காகத்தான் கெய்லின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கட்டளை சில மணி நேரத்தில் போய்விடும், சிவப்பணு சொல்லும்படியாகக் கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். நான்கு நாள் சுற்றுலாவுக்கு அது உதவாது.

சிறுநீரகம் வேலையை முடிப்பதற்குள் வருவதுதான் மலைநோய். தலைவலி, குமட்டல், பசியின்மை, கிறுகிறுப்பு, அசதி. பெரும்பாலும் போய்ச் சேர்ந்த ஆறு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கும். ஏமாறும் இடமும் அதுதான்: மத்தியானம் ஹெலிகாப்டரில் கேதார்நாத்தில் இறங்கி, தரிசனம் முடித்து, சாயங்காலம் "எனக்கு ஒண்ணுமே இல்லையே" என்று தெம்பாக டென்ட்டுக்குள் போகிறவருக்கு நடுராத்திரிதான் தலை பிளக்கும். தூக்கத்தில் ஆக்சிஜன் இன்னும் இறங்குவதும் சேர்ந்துகொள்ளும். இதைப் பற்றி உலகமே இன்றும் மேற்கோள் காட்டும் ஆய்வு நம் நாட்டில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1962 சீனப் போரின்போது சமவெளியில் இருந்த வீரர்களை அவசரமாக உயரத்துக்கு அனுப்பினார்கள், ஏராளமானவர்கள் படுத்துவிட்டார்கள். இந்தர் சிங் தலைமையிலான ராணுவ மருத்துவர்கள் 1,925 பேரின் மலைநோயை ஆராய்ந்து 1969இல் வெளியிட்டார்கள். இன்று ராணுவத்தில் இருக்கும் நம்மூர்க்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், 2,700 மீட்டருக்கு மேல் போனால் முதலில் ஆறு நாள், 3,600க்கு மேல் இன்னும் நான்கு நாள், 4,500க்கு மேல் மறுபடி நான்கு நாள் என்று பழக்கித்தான் அனுப்புவார்கள்.

அந்த வீரர்கள் எல்லாம் திடகாத்திரமானவர்கள் என்பதைக் கவனியுங்கள். உடல் வலு இந்த நோயைத் தடுக்காது. வலை இழுத்து உரமேறிய கை, மூச்சடக்கிச் சங்கு எடுக்கும் நெஞ்சு, எதுவும் கணக்கில் வராது. கடலுக்கடியில் தேவைப்படுவது மூச்சு விடத் துடிக்கும் உந்துதலை அடக்கிக்கொள்ளும் திறமை, மலையில் உடம்பு செய்ய வேண்டியதோ நிறைய மூச்சு விடுவது. சொல்லப்போனால் இளவட்டங்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள், வேகமாக ஏறிவிடுவதால்.

அதனால் பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான், ராத்திரி தூங்கும் இடத்தின் உயரம். பகலில் எவ்வளவு ஏறினாலும் தாழ்வாக வந்து படுத்தால் உடம்பு தாங்கிக்கொள்ளும். மலை மருத்துவர்கள் சொல்லும் விதி, 3,000 மீட்டருக்கு மேல் போனால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடுதலாக ஒரு ராத்திரி தங்கு. இதை வைத்து மணாலி-லே பயணத்தைப் பாருங்கள். 2,050 மீட்டரில் இருக்கும் மணாலியில் காலையில் கிளம்பி அன்று ராத்திரியே சர்ச்சுவில் படுக்கிற திட்டத்தைப் பலரும் விற்கிறார்கள், ஒரே நாளில் 2,200 மீட்டருக்கு மேல் ஏற்றம். இதைவிட மோசமானது, சர்ச்சுவிலிருந்து இறங்க நேர்வழி கிடையாது, மணாலி பக்கம் திரும்பினால் பாராலாச்சா கணவாய், லே பக்கம் போனால் அதற்கும் மேலே கணவாய்கள், எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏறித்தான் ஆக வேண்டும். வழியில் இருக்கும் ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ இரண்டு ராத்திரி தங்கிவிட்டுப் போனால் ஓரளவு பரவாயில்லை. என்னைக் கேட்டால் ஸ்ரீநகர், கார்கில் வழியாகத்தான் போகச் சொல்வேன், அந்தப் பாதையில் ஏற்றம் மெதுவாக வரும். கேதார்நாத்துக்கு நடந்து போகிறவர்களும் கௌரிகுண்டிலிருந்து ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏறுகிறார்கள், முடிந்தால் குப்தகாசி, கௌரிகுண்டில் ஓரிரு ராத்திரி தங்கிவிட்டு ஏறுங்கள்.

இனி டென்ட்டுக்குள். ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் சராசரியாக ஆறரை டிகிரி குறையும், அது எல்லாருக்கும் தெரிந்த குளிர். லடாக் போன்ற வறண்ட இடங்களில் ராத்திரி அதையும் தாண்டி வெப்பநிலை விழுவதற்குக் காரணம் வேறு. நம் கரையில் ராத்திரியும் புழுங்குகிறதே, காற்றில் இருக்கும் ஈரம் தரையின் வெப்பத்தைத் தப்பவிடாமல் பிடித்து வைப்பதால்தான். அங்கே காற்றில் ஈரமே இல்லை, பொழுது சாய்ந்ததும் தரையின் சூடு நேராக வானத்துக்குப் போய்விடும். குளிருக்குப் பயந்து டென்ட்டின் காற்றுத் துவாரங்களை அடைத்தால் நம் மூச்சின் ஈரமே துணியில் படிந்து, விடியலில் உள்பக்கமாக உறைபனி தட்டி மேலே கொட்டும். அடுப்பையோ கரி கணப்பையோ உள்ளே வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அரைகுறையாக எரிவதில் வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும், ஏற்கெனவே 85க்குப் போராடும் ரத்தத்தில் அது மிச்சத்தையும் பறித்துவிடும்.

சமையலைச் சொல்லிவிடுகிறேன். 3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், எவ்வளவு தீயைக் கூட்டினாலும் அதற்கு மேல் சூடேறாது. திறந்த சட்டியில் பருப்பு வேகவே வேகாது, சோறு விறைத்து நிற்கும். குக்கர் இருந்தால் 115 டிகிரி வரை போகும், பிழைத்தோம்.

தலைவலி அளவில் நின்றால் அதே உயரத்தில் ஓய்வெடுத்தால் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும், மேலே மட்டும் ஏறக் கூடாது. இரண்டு அறிகுறிகளுக்கு மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமல் கூடிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அதுவும் சீராகச் சுருங்காது, சுருங்காத பகுதிக்கு ரத்தம் பாய்ந்து அழுத்தம் தாங்காமல் நீர் கசியும். இரண்டாவது, நடை தள்ளாடுவது. குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து ஒரே கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள், முடியவில்லை என்றால் மூளை வீங்குகிறது. இரண்டுக்கும் முதல் மருந்து இறங்குவதுதான், ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால் கொடுத்துக்கொண்டே, அந்த ராத்திரியிலேயே, குறைந்தது 300 மீட்டராவது, முடிந்தால் ஆயிரம்.

இவ்வளவு பாடுபட்டுப் பழகிய பழக்கம் ஊருக்குத் திரும்பியதும் தங்காது. மூச்சின் மாற்றம் சில நாளில் போய்விடும், கூடின சிவப்பணுக்களும் சில வாரங்களில் பழைய கணக்குக்கு வந்துவிடும். போன வருஷம் லேயில் ஒரு வாரம் இருந்தேனே என்று இந்த வருஷம் நேராக 3,888 மீட்டரில் இருக்கும் அமர்நாத்துக்கு ஏற முடியாது, மறுபடி முதல் ராத்திரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.